நெல்லை சந்திப்பு: கட்டடம் புதிது, கணக்கு பழையது

திருநெல்வேலி சந்திப்பில் பேருந்தைவிட்டு இறங்குகிற ஒருவரிடம் ‘எந்தத் தெரு?’ என்று எவரும் கேட்பதில்லை. தாமிரபரணிப் பாசனப் பகுதியின் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி என்பது தெரியும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் சாதியை முடிவுசெய்துகொள்வார்கள். அப்படிப்பட்ட நிலப்பரப்பின் நடுவே, பெயரும் தெருவும் தெரியாத ஆயிரக்கணக்கானோர் தோளுரசி நிற்கும் இடமாக இருப்பது பேருந்து நிலையம். கிராமத்துத் தேநீர்க்கடைப் பெஞ்சில் உட்கார முடியாத ஒரு தலித் மாணவர், சந்திப்பு நிலையத்தின் சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகலாம். அந்த அரை மணி நேர விடுதலைக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் மதிப்பீடு கிடையாது.

தந்தை பெரியார் பெயர் தாங்கிய இந்த நிலையம் 2018-இன் இறுதியில் இடிக்கப்பட்டது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் 70 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிட்டுப் பல தளக் கட்டடமும் நிலத்தடி வாகன நிறுத்தமும் எழுந்தன. இடையில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக அந்த இடம் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. இந்தத் தாமதத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. ஆனால் யாருடைய பயணத்துக்காக இந்த நிலையம், யாருடைய ஒப்புதலோடு இந்த மாற்றம் என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. அதைக் கேட்க, இந்தப் பகுதியில் பேருந்துக்கும் சாதிக்கும் உள்ள உறவிலிருந்து தொடங்க வேண்டும்.

பேருந்து வந்த நாளிலிருந்தே அது சாதியின் பிரச்சினையாகத்தான் இருந்தது. தனியார் முதலாளிகள் பேருந்து ஓட்டிய காலத்தில் தென் மாவட்டங்களில் ஆதிதிராவிடரை ஏற்ற மறுப்பது வழக்கமாக இருந்தது. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த சுயமரியாதை இயக்கத் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று உத்தரவிட்டார். மனம் மாறும்வரை காத்திருக்காமல், முதலாளியின் உரிமத்தில் கை வைத்தார் என்பது இன்றைக்கும் நினைவில் கொள்ளத்தக்கது. விடுதலைக்குப் பின் வந்த 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பொதுப் போக்குவரத்து வாகனத்தைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரில் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு வரி தேவைப்பட்டது என்பதே அன்றைய நடைமுறைக்குச் சாட்சி.

அடுத்த பெரிய மாற்றம் நாட்டுடைமை. 1970-களின் தொடக்கத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. 1974-இல் திருநெல்வேலியைத் தலைமையிடமாகக் கொண்டு கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. அரசுக் கழகம் என்றால் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடு, நடத்துநர் பையாகவும் ஓட்டுநர் இருக்கையாகவும் பணிமனை வேலையாகவும் பல குடும்பங்களுக்குள் நுழைந்தது. நிலமற்ற கூலிகளின் பிள்ளைகள் காக்கிச் சீருடை அணிந்து, ஆண்டை வீட்டுப் பிள்ளைக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்கள். ‘சில்லறையா எடுத்துக் குடுங்க’ என்று அவர்களிடமும் சொல்ல முடிகிற ஒரு பதவி அது. கிராமச் சமூக உறவில் இது சிறிய கலகம் இல்லை. இந்தத் தலைமுறையின் கதை இன்னும் முறையாக எழுதப்படவில்லை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் கவனிக்கலாம்.

கலகத்துக்குப் பதிலடியும் பேருந்தைச் சுற்றியே வந்தது. 1995 ஜூலை 26 அன்று வீரசிகாமணியில் ஒரு பேருந்து ஓட்டுநருக்கும் தலித் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறு, தென் மாவட்டங்களை எரித்த மோதல்களுக்குத் தொடக்கப் பொறியானது. அதன் தொடர்ச்சியில் ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான காவலர்கள் கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள். வெளிநாட்டு வருமானத்தாலும் கல்வியாலும் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த தலித் கிராமம் அது. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ திரைப்படம் பேருந்து நிற்காத ஒரு கிராமத்தைக் கதைக்களமாக்கியபோது, சென்னையில் சிலர் அதை உருவகம் என்று பாராட்டினார்கள். நெல்லைக்காரர்களுக்கு அது உருவகமாகப் படவில்லை. நிறுத்தம் ‘ஊரில்’ இருக்கும். காலனியிலிருந்து ஊர்த் தெருவைக் கடந்துதான் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். நிழற்குடையின் சுவரில் ஏதோ ஒரு சாதியின் வண்ணமும் தலைவர் படமும் இருக்கும். யார் உட்காரலாம் என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடும்.

1997-ஐத் தனியாகப் பேச வேண்டும். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்குத் தி.மு.க. அரசு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்று 1799-இல் உயிர்நீத்தவர் என்று போற்றப்படுபவர். தேவேந்திரர் சமூகத்தில் பிறந்தவர். கட்டபொம்மன் பெயரில் 20 ஆண்டுகளுக்கும் மேல் பேருந்து ஓடியபோது ஒருவருக்கும் உறுத்தவில்லை. மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ராணி மங்கம்மாள் என்று எத்தனையோ பெயர்கள் பேருந்தின் நெற்றியில் இருந்தன. சுந்தரலிங்கத்தின் பெயர் வந்ததும், அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதி அமைப்புகள் கிளம்பின. தீண்டாமை அதுவரை பயணியைத் தொட மறுத்தது. இப்போது தகரத்தில் எழுதிய பெயரையே தொட மறுத்தது. கலவரம் மூண்டது, உயிர்கள் போயின.

அரசு என்ன செய்தது? 1997 ஜூலையில் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. சென்னையில் ஓடிய டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அந்தக் கூட்டத்தோடு போயிற்று. எல்லோரையும் சமமாக நடத்தினோம் என்று அன்றைக்கு விளக்கம் சொல்ல முடிந்தது. ஒரு தலித் பெயரைச் சகிக்க முடியாதவர்களிடம் ‘ஏற விருப்பமில்லையென்றால் நடந்து போங்கள்’ என்று சொல்வதற்குப் பதிலாக, ஊரில் உள்ள எல்லாப் பெயர்ப் பலகைகளையும் கழற்றுவது சமத்துவம் ஆகுமா? தாக்கியவனையும் தாக்கப்பட்டவனையும் ஒரே வழக்கில் சேர்த்துச் சமாதானம் பேசும் காவல் நிலைய நீதி அது.

அந்தத் தடை பேருந்து நிலையங்களுக்குப் பொருந்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். நெல்லையில் பழைய நிலையம் பெரியார் பெயரில் தொடர்ந்தது. 2000-களின் தொடக்கத்தில் வேய்ந்தான்குளத்தில் எழுந்த புதிய நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயர் கிடைத்தது. கிளாம்பாக்கத்திலும் திருச்சி பஞ்சப்பூரிலும் அண்மையில் திறந்த முனையங்கள் கலைஞர் பெயரில் உள்ளன. கட்சித் தலைவர்களின் பெயர்கள் கான்கிரீட்டில் ஏறிவிட்டன. சுந்தரலிங்கம் மட்டும் கீழே நிற்கிறார். நெல்லையில் கட்டபொம்மன்கூட ஒரு வழியில் தப்பிவிட்டார்: பாளையங்கோட்டையின் கே.டி.சி. நகர் என்ற குடியிருப்பில் அவரது போக்குவரத்துக் கழகத்தின் முதலெழுத்துகள் இன்றும் வாழ்கின்றன. அதே கே.டி.சி. நகரில்தான் 2025 ஜூலை 27 அன்று, மென்பொருள் துறையில் பணியாற்றிய ஒரு தலித் இளைஞர், காதலின் பொருட்டுப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்.

சந்திப்பு நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்துக்கு அருகே, இன்னொரு வரலாறு கிடக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், கைதாகிச் சிறையிலிருந்த 600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் சந்திப்பிலிருந்து கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. காவல்துறை தடியடி நடத்தி மக்களை ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு வயதைத் தாண்டாத குழந்தை. நீதிபதி மோகன் ஆணையம் காவல்துறையின் செயலைப் பெரிதும் நியாயப்படுத்தியது. ஆண்டுதோறும் அந்த நாளில் இயக்கங்களும் கட்சிகளும் ஆற்றில் மலர் தூவுகின்றன. நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கையும் ஆண்டுதோறும் எழுகிறது.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் கறுப்பின மக்கள் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. அதே நகரின் கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் 1961 மே 20 அன்று, நிறப் பாகுபாட்டை மீறிப் பயணம் செய்த இளைஞர்களை வெள்ளை நிறவெறிக் கும்பல் அடித்து நொறுக்கியது. அந்தக் கட்டடத்தை இடிக்காமல் 2011-இல் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். பேருந்து நிலையம் என்பது ஒரு மக்களின் உரிமைப் போராட்டம் நடந்த இடமாகவும் இருக்கலாம் என்பதை அந்த நகரம் ஒப்புக்கொண்டது. நாம் அருங்காட்சியகம் கேட்கவில்லை. 70 கோடிக்கும் மேல் செலவான கட்டடத்தின் ஒரு சுவரில் பத்து வரியில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகும் என்றுதான் கேட்கிறோம்.

இனி மறுகட்டுமானத்துக்கு வருவோம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் திருநெல்வேலி 2017 ஜூனில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அடுத்து நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. திட்டம் வகுத்தது, வரைபடம் போட்டது, நிலையத்தை இடித்தது, ஒப்பந்தம் தந்தது எல்லாம் மாமன்றம் இல்லாத அந்த ஐந்தேகால் ஆண்டுகளுக்குள்தான். தனி வார்டுகளிலிருந்து தலித் பெண்களும் ஆண்களும் உறுப்பினராக உட்கார்ந்திருக்க வேண்டிய நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர்கள் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் கற்பனை செய்யவில்லை. தனி வார்டு உறுப்பினர்களை யார் இயக்குகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் பதிவேட்டில் ஒரு மறுப்பாவது இருந்திருக்கும். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் அமைப்பே மாநகராட்சிக்கு வெளியே ஒரு நிறுவனத்தை உருவாக்கி, அதன் இயக்குநர் குழுவிடம் முடிவுகளை ஒப்படைப்பது. இடஒதுக்கீடு வார்டுகளுக்கு உண்டு. அந்தக் குழுவுக்கு இல்லை.

வேலை தொடங்கியதும் மணல் வந்தது. நிலத்தடித் தளத்துக்காக ஆழமாகத் தோண்டியபோது மணல் கிடைத்ததில் வியப்பில்லை. ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. அந்த மணல் எவ்வளவு, அதன் மதிப்பென்ன, யார் எடுத்துப்போகிறார்கள் என்ற கேள்விகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போயின, பணி முடங்கியது. மணலைக் கேள்விகேட்டது சரியான செயல். தாமிரபரணியைச் சுரண்டியவர்களின் பட்டியல் நீளமானது. ஆனால் மணலுக்கு மதிப்புப் போட ஆள் இருந்தது. அத்தனை ஆண்டுகள் தற்காலிக நிறுத்தங்களிலும் சாலையோரங்களிலும் வெயிலில் நின்ற கூலித் தொழிலாளியின் நாட்களுக்கு மதிப்புப் போட ஆள் இல்லை. சொந்த வண்டி உள்ளவருக்கு நிலையம் மூடியது போக்குவரத்து நெரிசல். மானூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வருகிற பெண்ணுக்கு அது இரண்டு பேருந்து, ஒரு நடை, சில நாள் தவறிப்போன கூலி. 2021 மே மாதம் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அந்தச் சுமை கொஞ்சம் குறைந்தது. ‘விடியல் பயணம்’ தலித் உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த உண்மையான நன்மைகளில் ஒன்று. அதை இலவசம் என்று இகழ்பவர்கள் யாரென்று கவனித்தால் போதும். ஆனால் அந்தப் பெண்கள் ஏறி இறங்க வேண்டிய பழைய மையம் அப்போதும் தகரத் தடுப்புக்குள் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் சந்திப்பும் வண்ணார்பேட்டையும் கொக்கிரகுளமும் நீரில் மூழ்கின. ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. வேய்ந்தான்குளம் என்ற பெயரே அங்கே குளம் இருந்தது என்று சொல்கிறது; அதன்மேல் ஒரு பேருந்து நிலையம். ஆற்றோரத்தில் மண்ணுக்குக் கீழே வாகனம் நிறுத்தும் தளம் இன்னொன்று. தேங்கிய நீரையும் சேற்றையும் அள்ளப்போவது யார் என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. நெல்லையின் தூய்மைப் பணியில் அருந்ததியர்களே பெரும்பாலோர். எத்தனை நவீனமாக வரைபடம் போட்டாலும், கழிப்பறைக்குப் பின்னால் நிற்கும் கை மாறவில்லை. அந்தப் பணியும் இப்போது ஒப்பந்ததாரர் வழியாக வருகிறது. வேலையில் சாதி அப்படியே இருக்கிறது. நிரந்தரப் பணி என்ற ஒற்றைப் பாதுகாப்பு மட்டும் போய்விட்டது.

பழைய நிலையத்தைச் சுற்றிப் பனங்கிழங்கும் கொய்யாவும் பூவும் விற்ற பெண்களுக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்கிறது. பட்டியல் சாதியினருக்கு உரிய பிரதிநிதித்துவம் வேண்டும் என்றும் சொல்கிறது. தரையில் சாக்கு விரித்துப் பிழைத்த ஒருவருக்கு, வைப்புத்தொகை கட்டி ஏலம் எடுக்க வேண்டிய கண்ணாடிக் கடை எதற்கும் உதவாது. கூடையோடு உட்கார நிழலும் விரட்டாத காவலரும் அவருக்குப் போதும். புதிய வளாகத்தின் கடைகளில் எத்தனை தலித்துகளின் பெயரில் உள்ளன, அவற்றில் எத்தனை பினாமி என்ற கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமாக இன்றைக்கே எழுதலாம். பத்து ரூபாய் வேலை. மாணவர் அமைப்புகள் இதை எடுத்துச் செய்ய வேண்டும்.

நிலையத்தைவிட முக்கியமானது நிலையத்துக்கு வரும் வழி. 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் அருகே, 11-ஆம் வகுப்புத் தேர்வு எழுதப் பேருந்தில் வந்துகொண்டிருந்த ஒரு தலித் மாணவரைக் கும்பல் ஒன்று வழிமறித்து, வெளியே இழுத்துப்போட்டு வெட்டியது. அவரது கைவிரல்கள் துண்டாயின. ஒரு கபடிப் போட்டியில் அவருடைய அணி வென்றிருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகுதான் நீதிபதி சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கைக்கயிறு, வண்ணப் பொட்டு என்று பள்ளிக்குள் புழங்கும் சாதி அடையாளங்களை அது பேசியது. பள்ளியை மையமாகக் கொண்ட அறிக்கை பள்ளியைப் பேசுவது இயல்பு. ஆனால் காலை ஏழரை மணிக்கு ஏறி எட்டரைக்கு இறங்கும் அந்த ஒரு மணி நேரம் யாருடைய பொறுப்பு? பள்ளிக் கல்வித்துறைக்கு அது வாயிலுக்கு வெளியே. போக்குவரத்துத் துறைக்கு அது வெறும் வழித்தட எண். காவல்துறைக்கு வெட்டு விழுந்த பிறகுதான் அது தெரியும்.

இந்த வழித்தடங்களில் எங்கே தகராறு நடக்கும், எந்த நிறுத்தத்தில் எந்த நேரத்தில் யார் கூடுவார்கள் என்பது நடத்துநர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுத் தொகுத்தாலே பாதி வரைபடம் கிடைத்துவிடும். காலனிக்கு அருகே தனி நிறுத்தம், தேர்வுக் காலத்தில் கூடுதல் பேருந்து, நிழற்குடைகளிலிருந்து சாதி வண்ணங்களை அழிப்பது எல்லாம் மாவட்ட ஆட்சியரின் ஒரு கூட்டத்தில் முடிகிற காரியங்கள். பெரிய நிதி வேண்டியதில்லை. நிதி வேண்டாத வேலைக்கு ஒப்பந்ததாரர் இல்லை என்பதுதான் சிக்கலோ என்னவோ.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருகிறது. சென்னையில் 2025 ஜூனில் அறிமுகமான மின்சாரப் பேருந்துகளைத் தனியார் நிறுவனமே ஓட்டுகிறது. ஓட்டுநர் அந்த நிறுவனத்தின் ஆள். அதே மாதம் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டம் முழுக்கத் தனியாருடையது. கிராமங்களுக்குப் பேருந்து வருவது நல்லதே. ஆனால் அந்த இருக்கைகளுக்கு 18 விழுக்காடு கிடையாது. 1974-இல் கட்டபொம்மன் கழகம் திறந்த கதவு, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு பெயரில் மூடப்படுகிறது. சௌந்தரபாண்டியனார் உரிமத்தில் கை வைத்துச் சாதித்ததை, இன்று உரிமம் வழங்கும் அரசு ஏன் நிபந்தனையாக எழுதக்கூடாது? மினி பேருந்து அனுமதி பெறுபவர் பட்டியல் சாதியினருக்கு இத்தனை வேலை தர வேண்டும், காலனிக்குள் சென்று திரும்ப வேண்டும் என்று இரண்டு வரி சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம் வேண்டுமா, அரசாணை போதுமா என்பதை வழக்கறிஞர் நண்பர்கள் ஆராய்ந்து சொல்லட்டும்.

மாஞ்சோலையின் 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடிகிறது. நிறுவனம் 2024-இலேயே விருப்ப ஓய்வு என்ற பெயரில் தொழிலாளர்களை வெளியேற்றத் தொடங்கிவிட்டது. நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு மலையிறங்கி வந்தன. 1999-இல் தங்கள் பெற்றோருக்காக ஊர்வலம் தொடங்கிய அதே சந்திப்பில்தான் அவர்களில் பலர் இப்போது பேருந்து மாறுகிறார்கள். ஜூலை 23 அன்று மலர் தூவ வருகிறவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். அங்கிருந்து ஆற்றுக்கு எப்படிப் போக வேண்டும் என்று சொல்ல ஒரு பலகையும் கிடையாது.